நாள்பட்ட சிறுநீர்ப்பை வலியும் ஸ்கேனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கேன் எடுத்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. தீராத அடிவயிற்று வலி, ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்திருப்பது, யூரின் டெஸ்டில் ஒன்றுமே இல்லாதது என்று வருகிறவர்கள் கட்டிலில் படுத்தபடியே கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. ஒருவருக்கு அங்கே கிடைப்பது பத்து நிமிஷம். அதற்குள் சொல்லி முடிக்க முடியாததை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே விட்டுவிட்டேன். உங்களை நேரில் பரிசோதித்த டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. சிறுநீர்ப்பை வலின்னா யூரின் இன்ஃபெக்ஷன்தானே? எதுக்கு இவ்வளவு பெரிய பேரு?

இன்ஃபெக்ஷன் என்றால் யூரின் கல்ச்சரில் கிருமி வளரும், சரியான மாத்திரை சாப்பிட்டால் சில நாளில் அடங்கும். இங்கே பேசுவது கல்ச்சரில் எதுவும் வளராமல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடிக்கிற வலியைப் பற்றி. பை நிரம்ப நிரம்ப வலி ஏறும். போய்விட்டு வந்தால் கொஞ்சம் குறையும். அப்புறம் மறுபடி ஆரம்பிக்கும். சிலருக்கு அது வலியாகவே தோன்றாது. அழுத்தம், எரிச்சல், கனம் என்றுதான் சொல்வார்கள்.

இதற்கு இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைடிஸ், சிறுநீர்ப்பை வலி சிண்ட்ரோம் என்று இரண்டு பெயர்கள் புழங்குகின்றன. முதல் பெயர் 1887-ல் அலெக்ஸாண்டர் ஸ்கீன் என்ற அமெரிக்க டாக்டர் வைத்தது. ரிப்போர்ட்டுகளில் ஐ.சி. என்று சுருக்கி எழுதுவார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். அதே வலியைத் தரக்கூடிய வேறு காரணம் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் இந்தப் பெயரை வைக்க வேண்டும். ஸ்கேனுக்கு வேலை வருவது அங்கேதான்.

2. எந்த ஸ்கேன் எடுத்தா இது இருக்குன்னு தெரியும்?

எதிலும் தெரியாது. இதைக் கேட்டதும் முகம் வாடிப்போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆனாலும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. "இது ஐ.சி.தான்" என்று காட்டுகிற அல்ட்ராசவுண்டோ, சி.டி.யோ, எம்.ஆர்.ஐ.யோ இன்று கிடையாது.

காரணம் அளவில் இருக்கிறது. நிரம்பிய சிறுநீர்ப்பையின் சுவர் மொத்தமே சுமார் 3 மி.மீ. தடிமன். அதன் உள்பக்கத்தில் யூரினோடு நேரடியாகப் படுகிற தோல் மாதிரியான பூச்சு சில செல் அடுக்குகள்தான். அதற்கும் மேலே சளி போன்ற ஒரு பாதுகாப்புப் படலம். இந்த நோயில் பழுதாவது இந்தப் பூச்சும் அதன் அடியில் இருக்கிற நரம்பு நுனிகளும்தான் என்பது பரவலான கருத்து. ஸ்கேன் மெஷின் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய விஷயங்களைப் பிரித்துக் காட்டும். அதைவிட மிக மெல்லிய பூச்சில் ஓட்டை விழுந்திருப்பதோ, ஒரு நரம்பு காரணமில்லாமல் கூச்சல் போடுவதோ அதன் கண்ணில் படாது.

3. அப்போ எதுக்குத்தான் ஸ்கேன் எழுதித் தர்றாங்க?

இதே மாதிரி வலிக்க வைக்கிற வேறு ஆள் யாராவது ஒளிந்திருக்கிறாரா என்று பார்க்க. அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். கிட்னியிலிருந்து வரும் குழாய், சிறுநீர்ப்பையில் நுழையும் இடத்தில் சிக்கிக்கொண்ட சின்னக் கல் அப்படியே ஐ.சி. மாதிரி நடிக்கும்: அடிக்கடி போகவேண்டும், போனாலும் தீராது, நுனியில் எரியும். நிரம்பிய சிறுநீர்ப்பை வழியாகப் பார்த்தால் அந்தக் கல் வெள்ளைப் புள்ளியாக, பின்னால் ஒரு கருநிழலோடு தெரியும். அதைப் பார்க்கிற நாள் எனக்குச் சந்தோஷமான நாள். பல மாத வேதனைக்குத் தீரக்கூடிய ஒரு காரணம் கிடைத்துவிட்டது அல்லவா?

அப்புறம் பைக்குள்ளேயே கல், கட்டி, சுவரில் பிதுங்கி நிற்கும் பை, கருப்பையின் உள்சவ்வு மாதிரியான திசு கருப்பைக்கு வெளியே வளர்ந்து சிறுநீர்ப்பைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் எண்டோமெட்ரியோசிஸ், யூரின் முழுக்க வெளியேறாமல் தங்குவது என்று போகும். டி.பி. சிறுநீர்ப்பையைத் தாக்கினால் சுவர் தடித்துப் பை சுருங்கிவிடும். யூரினில் சீழ்ச்செல்கள் இருக்கும், சாதாரண கல்ச்சரில் ஒன்றும் வளராது. கெட்டமைன் என்ற மருந்தைப் போதைக்காகப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இப்படிச் சுருங்கிப்போகும். இவை ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. தவறவிட்டால் இழப்பு பெரிது.

4. ஸ்கேன்ல எல்லாம் நார்மல்னு வந்திருச்சு. அப்போ என் வலி மனசுலதான்னு அர்த்தமா?

இல்லை. இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

ஒரு முறை ஒரு பெண் வந்திருந்தார். முப்பத்தைந்து வயசுக்குள் இருக்கும். தடித்த ஃபைலில் நான்கு வருட ரிப்போர்ட்டுகள், தேதி வாரியாக அடுக்கி. நான் ஸ்கேன் முடித்து ஜெல்லைத் துடைக்க டிஷ்யூ கொடுத்தபோது மெதுவாகக் கேட்டார்: "டாக்டர், ஏதாவது ஒன்னு இருக்குன்னு எழுதிருங்களேன்." வீட்டில் யாரும் நம்பவில்லையாம். ஒவ்வொரு நார்மல் ரிப்போர்ட்டும் அவருக்கு எதிரான சாட்சியாக மாறியிருந்தது. இல்லாததை எழுத முடியாது. ஆனால் அன்றிலிருந்து இந்த மாதிரி வலியோடு வருகிறவர்களின் ரிப்போர்ட்டில் கடைசியாக ஒரு வரி சேர்க்கிறேன்: "இந்த ஸ்கேன் நார்மலாக இருப்பது சிறுநீர்ப்பை வலி சிண்ட்ரோம் இல்லை என்று காட்டாது."

நார்மல் என்ற வார்த்தைக்கு ஸ்கேன் ரிப்போர்ட்டில் உள்ள பொருள் குறுகலானது. கல் இல்லை, கட்டி இல்லை, அடைப்பு இல்லை, அவ்வளவுதான். வலி இருக்கிறதா என்று அந்த மெஷினிடம் யாரும் கேட்கவும் இல்லை, அதற்குச் சொல்லத் தெரியவும் தெரியாது. தலைவலிக்கு எடுக்கும் ஸ்கேனும் பெரும்பாலும் நார்மலாகத்தான் வருகிறது. அதற்காக மைக்ரேன் பொய் என்று யாரும் சொல்வதில்லையே.

5. ஸ்கேனுக்கு வயிறு முட்டத் தண்ணி குடிக்கச் சொல்றாங்க. என்னால அரை மணி நேரம்கூட அடக்க முடியாதே?

இந்த நோயாளிகளுக்கு அல்ட்ராசவுண்டில் உண்மையான கஷ்டம் இதுதான். பை நிரம்பியிருந்தால்தான் சுவர் விரிந்து மடிப்பில்லாமல் தெரியும், பின்னால் இருக்கிற உறுப்புகளும் நீர் வழியாகத் தெளிவாகத் தெரியும். அதனால்தான் குடிக்கச் சொல்கிறோம். ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி "ஒரு லிட்டர் குடிச்சிட்டு உக்காருங்க" என்று சொல்வது இவர்களுக்குக் கொடுமை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணைக் கதவிலேயே வைத்திருப்பவரைப் பார்த்தாலே எனக்குப் புரிந்துவிடும்.

இப்படிச் செய்து பாருங்கள். புக் பண்ணும்போதே "எனக்குச் சிறுநீர்ப்பை வலி இருக்கு, ரொம்ப நேரம் காத்திருக்க முடியாது" என்று சொல்லி முதல் ஆளாகக் கேளுங்கள். ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு டம்ளர் தண்ணீர் போதும். 150, 200 மி.லி. சேர்ந்தாலே சுவரைப் பார்த்துவிடலாம். அதுவும் தாங்க முடியாவிட்டால் போய்விட்டு வாருங்கள். கிடைத்த அளவில் பார்ப்போம். தாங்க முடியாமல் போனது எத்தனை மி.லி.யில் என்பதும் டாக்டருக்குப் பயன்படும் தகவல்தான், ரிப்போர்ட்டில் குறிக்கச் சொல்லுங்கள்.

6. ஒன்னுக்குப் போயிட்டு வந்தப்புறம் திரும்ப ஏன் பாக்குறீங்க?

எவ்வளவு மிச்சம் தங்குகிறது என்று அளக்க. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 0.52-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய மி.லி. வந்துவிடும். 50-க்குள் இருந்தால் கவலையில்லை. நூறைத் தாண்டி நிறையத் தங்கினால் அடைப்பா, தசை இறுக்கமா, நரம்புக் கோளாறா என்று யோசிக்க வேண்டும். ஒரு விஷயம்: அவசரத்தில், வெளியே ஆள் நிற்கிற கூச்சத்தில் பாதியில் எழுந்து வந்துவிடாதீர்கள். நிதானமாகப் போய்விட்டு வாருங்கள். இல்லாத பிரச்சினை இருப்பதாகக் கணக்காகிவிடும்.

7. என் ரிப்போர்ட்ல "சிறுநீர்ப்பைச் சுவர் லேசாகத் தடித்துள்ளது, சிஸ்டைடிஸ்"னு போட்டிருக்கு. அப்போ அதுல தெரிஞ்சிருச்சுதானே?

தெரிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 2-வது பதிலில் சொன்ன 3 மி.மீ. கணக்கு நிரம்பிய பைக்கு. காலியாக இருக்கும்போது அதே சுவர் 5 மி.மீ. வரை தடிமனாகத் தெரிவது இயல்பு. பலூன் மாதிரிதான்: காற்று இல்லாதபோது ரப்பர் தடிமன், ஊதினால் மெல்லிசு. 60 மி.லி.யோடு ஸ்கேன் எடுத்தவருக்குச் சுவர் 4.5 மி.மீ. என்று வந்தால் அது நோயைக் காட்டுவதில்லை, பை நிரம்பாததைக் காட்டுகிறது. ரிப்போர்ட்டில் இந்த வரியைப் பார்த்தால் அருகிலேயே எத்தனை மி.லி. இருந்தது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்த வரிக்குப் பெரிய எடை கொடுக்க வேண்டாம்.

என் தொழிலில் இருக்கிற ஒரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எரிச்சல் என்று சீட்டில் எழுதி வந்தால் "சிஸ்டைடிஸாக இருக்கலாம்" (சிறுநீர்ப்பை அழற்சி) என்று எழுதுவது எளிது. படிக்கிறவர் அதை இன்ஃபெக்ஷன் என்று எடுத்துக்கொண்டு ஆன்டிபயாட்டிக் எழுதுகிறார். அது கேட்காமல் இன்னொன்று. கல்ச்சரில் கிருமி வளராத ஒருவர் இப்படி ஆறு கோர்ஸ் முடித்துவிட்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த வரியை வைத்து மட்டும் மாத்திரை கொடுத்தால், "கல்ச்சர் பார்த்துட்டு ஆரம்பிக்கலாமா?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

சுவர் நிஜமாகவே, நிரம்பிய நிலையிலும் தடித்திருந்தால், அதுவும் ஒரு பக்கம் மட்டும் தடித்திருந்தால், அதை விடக்கூடாது. அடுத்த கட்டம் கேமரா வைத்துப் பார்ப்பதுதான். அது 11-ல்.

8. கீழ் வழியா ஸ்கேன் பண்ணணும்னு சொல்றாங்க. அது கட்டாயமா?

கட்டாயம் இல்லை. பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும்போது புரோப் (உடம்பில் வைத்துப் பார்க்கிற கருவி) சிறுநீர்ப்பைக்கு மிக அருகில் வருகிறது, எண்டோமெட்ரியோசிஸ் முடிச்சு, யூரின் குழாயை ஒட்டிய பை போன்றவை நன்றாகத் தெரியும். சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கத் தேவையில்லை என்பதால் சிலருக்கு இதுவே சுலபம். ஆனால் இந்த வலி உள்ள பலருக்கு சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்குகிற இடுப்புத்தளத் தசைகள் இறுகியிருக்கும், தொட்டாலே வலிக்கும். முன்கூட்டியே சொல்லுங்கள். புரோப்பை நீங்களே வைத்துக்கொள்கிறேன் என்று கேட்கலாம். நடுவில் "போதும்" என்றால் நிறுத்த வேண்டும். உடன் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். வேண்டவே வேண்டாம் என்றால் வயிற்று வழியாகவோ எம்.ஆர்.ஐ.யிலோ பார்க்க வழி இருக்கிறது.

9. சி.டி. எடுத்தா எல்லாமே தெளிவாத் தெரியுமே. நேரா அதையே எடுத்துடலாமா?

வலி மட்டும் இருந்து, யூரினில் ரத்தம் இல்லாமல், அல்ட்ராசவுண்டும் சரியாக இருந்தால் சி.டி.யால் பெரிதாக எதுவும் சேரப்போவதில்லை. கல் இருக்குமோ என்று பலமான சந்தேகம் இருந்தால் கான்ட்ராஸ்ட் (படத்தில் எடுப்பாகத் தெரிய வைக்கும்) மருந்து ஏற்றாத சி.டி. மிக நல்ல சோதனை. யூரினில் ரத்தம் வந்தால், அதிலும் வயது கூடியவர், புகை பிடித்தவர் என்றால், மருந்து ஏற்றி கிட்னியிலிருந்து பை வரை முழுப் பாதையையும் படம் பிடிக்கிற சி.டி. யூரோகிராம் தேவைப்படலாம்.

வயிறும் இடுப்பும் சேர்த்து ஒரு சி.டி. எடுத்தால் சுமார் 8 முதல் 10 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு உடம்பில் படும். மண், காற்று, வானம் என்று இயற்கையிலிருந்து ஒரு மனிதர் மேல் வருடத்துக்குப் படுவது உலக சராசரியில் சுமார் 2.4. ஒரு தடவைக்குப் பயப்படத் தேவையில்லை. ஆனால் வலி கூடும்போதெல்லாம் அவசர சிகிச்சைக்குப் போய், ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு சி.டி. என்று சேர்ந்துவிடுகிறது. பழைய சி.டி.யை கையில் வைத்திருந்து காட்டினாலே பாதி தடவை தவிர்த்துவிடலாம். கர்ப்பமாக இருக்கலாம் என்றாலோ, கிட்னி பலவீனம் அல்லது கான்ட்ராஸ்ட் மருந்துக்கு அலர்ஜி இருந்தாலோ முதலில் சொல்லிவிடுங்கள்.

10. எம்.ஆர்.ஐ. அதைவிடப் பெருசாச்சே, அதுலயாவது?

ஐ.சி.யைக் காட்டாது, 2-ல் சொன்ன காரணமேதான். ஆனால் குறிப்பிட்ட சந்தேகங்களுக்கு அதை மிஞ்ச ஆள் இல்லை. போய்விட்டு எழுந்த பிறகும் சொட்டுகிறது, உறவின்போது முன்பக்கம் வலிக்கிறது, அடிக்கடி இன்ஃபெக்ஷன் வருகிறது என்றால் யூரின் குழாயை ஒட்டி ஒரு சின்னப் பை இருக்கலாம்; எம்.ஆர்.ஐ. அதை அழகாகக் காட்டும். மாதவிடாய் நாட்களில் வலி ஏறுகிறது என்றால் ஆழமான எண்டோமெட்ரியோசிஸைத் தேடலாம். கால் மரத்துப்போவது, மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது என்று சேர்ந்திருந்தால் முதுகுத்தண்டைப் பார்க்க வேண்டும். அது திடீரென்று வந்தால் அன்றே பார்க்க வேண்டும்.

கதிர்வீச்சு கிடையாது. அரை மணி நேரத்துக்கு மேல் அசையாமல் படுத்திருப்பதுதான் சிரமம். பை பாதி நிரம்பியிருந்தால் போதும், உள்ளே போகுமுன் டெக்னீஷியனிடம் "நடுவுல எழுந்திரிக்க வேண்டி வரலாம்" என்று சொல்லி வையுங்கள். பேஸ்மேக்கரோ, சிறுநீர்ப்பைக்காகவே முதுகில் வைத்த நரம்புத் தூண்டல் கருவியோ இருந்தால் அதன் கார்டைக் கட்டாயம் காட்டுங்கள்.

11. உள்ள கேமரா விட்டுப் பாக்குறது பயமா இருக்கு. ஸ்கேன் போதாதா?

சிஸ்டோஸ்கோப்பி என்ற அந்தச் சோதனைதான் இந்த நோயில் ஒன்றை நேராகக் காட்டக்கூடியது. ஐ.சி. உள்ளவர்களில் சிறிய ஒரு பகுதியினருக்கு உள்சுவரில் ஹன்னர் புண் என்ற சிவந்த திட்டு இருக்கும். நடுவில் ஒரு வெளிறிய தழும்பு, அதை நோக்கிச் சுற்றிலுமிருந்து ஓடி வருகிற மெல்லிய ரத்தக்குழாய்கள். பையை விரித்தால் அந்த இடம் கீறி, ரத்தம் அருவி மாதிரி வழியும். 1915-ல் பால்டிமோரைச் சேர்ந்த கை ஹன்னர் என்ற டாக்டர் இதை விவரித்தார். பிறகு "அகப்படாத புண்" என்றே அதைக் குறிப்பிட்டார், அவ்வளவு எளிதில் கண்ணில் படாமல் போகும். அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் தெரியவே தெரியாது.

இது ஏன் முக்கியம்? அந்தப் புண்ணுக்கு நேரடி வைத்தியம் இருக்கிறது. மின்சூட்டில் கருக்கலாம், ஸ்டீராய்ட் ஊசி போடலாம். பலருக்கு வலி நன்றாகக் குறைகிறது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தப் புண் இருக்க வாய்ப்பு கூடுதல். என் கருத்து: அந்த வயதில் வலி வருடக்கணக்கில் நீடித்தும் ஒரு தடவைகூடக் கேமராவில் பார்க்காமல் ஸ்கேனையே திரும்பத் திரும்ப எடுப்பது வீண். பயம் நியாயமானது. வளையும் குழாயைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள், மரத்துப்போகும் ஜெல் போடுகிறார்கள், பார்ப்பது சில நிமிஷம். ரொம்ப வலி உள்ளவர்கள் மயக்கம் கொடுத்துச் செய்யக் கேட்கலாம். இளம் வயதில், அறிகுறிகள் சிக்கலில்லாமல் இருந்தால் எல்லோருக்கும் இது உடனே தேவையில்லை.

12. மயக்கம் குடுத்து தண்ணி நிரப்பிப் பாத்தப்போ ரத்தப்புள்ளி இருந்துச்சாம். அப்போ ஐ.சி. உறுதிதானே?

அந்தப் புள்ளிகளை மட்டும் வைத்து உறுதி சொல்ல முடியாது. பையை நீரால் விரித்துவிட்டுக் காலி செய்யும்போது சுவரில் ஊசிமுனை அளவு ரத்தப்புள்ளிகள் தோன்றும். 1978-ல் மெஸ்ஸிங், ஸ்டேமி இருவரும் இதை ஐ.சி.யின் அடையாளமாக முன்வைத்தார்கள். பல வருடம் அப்படியே நம்பப்பட்டது. பிறகு 1998-ல் எந்தச் சிறுநீர் உபாதையும் இல்லாமல் குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு வந்த பெண்களிடம் இதே சோதனையைச் செய்தபோது, கணிசமான பேருக்கு அந்தப் புள்ளிகள் இருந்தன. வலி உள்ளவர்களில் பலருக்கு அவை இல்லாமலும் இருக்கின்றன.

ஆக, புள்ளி இல்லை என்பதால் உங்களுக்கு நோய் இல்லை என்று அனுப்பிவிடுவதும் தவறு. 11-ல் சொன்ன ஹன்னர் புண் வேறு, இந்தப் புள்ளிகள் வேறு. டிஸ்சார்ஜ் சம்மரியில் எது எழுதியிருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம்.

13. கலர் லைட் போட்டுப் பாக்குற கேமரா இருக்காமே?

இருக்கிறது. ஒரு வகையில் வெள்ளை ஒளிக்குப் பதில் 415, 540 நானோமீட்டர் அலைநீளங்களில் நீலமும் பச்சையும் மட்டும் பாய்ச்சுகிறார்கள். ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் அதை நன்றாக உறிஞ்சுவதால் ரத்தக்குழாய்கள் கருமையாக எழுந்து நிற்கும்; சாதாரண ஒளியில் தவறிப்போகிற ஹன்னர் புண் பளிச்சென்று தெரியும். எல்லா மருத்துவமனையிலும் உள்ள வசதி அல்ல. அது இல்லாவிட்டாலும் அனுபவமுள்ள கண் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிடும்.

இன்னொன்று, மருந்தைப் பைக்குள் செலுத்தி நீல ஒளியில் பார்ப்பது. அது புற்றுநோயைத் தேட. சுவரின் மேற்பூச்சிலேயே தட்டையாகப் பரவுகிற ஒரு வகைப் புற்றுநோய் கட்டியாக எழும்பாது, அதனால் ஸ்கேனில் அகப்படாது. எரிச்சல், அவசரம், வலி என்று ஐ.சி. போலவே இருக்கும். யூரினில் ரத்தம் இருந்தால் ஸ்கேன் நார்மல் என்று ஆறுதல் அடையாமல், யூரின் சைட்டாலஜியும் (யூரினில் உதிர்ந்த செல்களை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) கேமராவும் பார்த்துவிடுங்கள்.

14. ஆம்பளைங்களுக்கும் இது வருமா?

வரும். பெண்களைவிடக் குறைவாகக் கண்டுபிடிக்கப்படுகிறது, பல சமயம் "நாள்பட்ட புராஸ்டேட் அழற்சி" என்ற பெயரில் வருடக்கணக்கில் போய்விடுகிறது. ஸ்கேனில் புராஸ்டேட் அளவு, மிச்ச யூரின் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் மேலே சொன்னதுதான்.

15. மூளையை ஸ்கேன் பண்ணியே இந்த வலியைக் கண்டுபிடிக்கிறாங்கன்னு படிச்சேன், நிஜமா?

ஆராய்ச்சியில் செய்கிறார்கள், நோயைக் கண்டுபிடிக்க அல்ல. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2008-ல் மேப் என்ற கூட்டு ஆய்வைத் தொடங்கின. நாள்பட்ட இடுப்பு வலி உள்ளவர்களின் மூளையை எம்.ஆர்.ஐ.யில் பார்த்தபோது, வலியை உணர்கிற, கையாள்கிற பகுதிகளின் அமைப்பிலும் இயக்கத்திலும் மற்றவர்களிடமிருந்து வித்தியாசங்கள் தெரிந்தன. வலி உடம்பில் தடம் பதிக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று, 4-ல் வந்த அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியதும் இதுதான்.

ஆனால் அந்த வித்தியாசங்கள் ஒரு குழுவை இன்னொரு குழுவோடு ஒப்பிட்டால் தெரிபவை. தனி ஒருவரின் படத்தை வைத்து இவருக்கு ஐ.சி. என்று சொல்ல முடியாது. அதேபோல், பைக்குள் கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்தி அது சுவருக்குள் எவ்வளவு கசிகிறது என்று எம்.ஆர்.ஐ.யில் பார்க்கும் முயற்சியும் நடக்கிறது. 2-ல் சொன்ன மெல்லிய பூச்சின் ஓட்டையை மறைமுகமாகக் காட்டும் வழி அது. எனக்கு அதில் ரொம்ப நம்பிக்கை. இப்போதைக்குக் காசு கட்டி எடுக்கிற சோதனை அல்ல.

16. ஒரு டாக்டர் ஐ.சி.ங்கறார், இன்னொருத்தர் இல்லைங்கறார். ரெண்டு பேரும் பாத்தது அதே ஸ்கேன்தான். யாரை நம்புறது?

இருவரும் அவரவர் அளவுகோலில் சரியாக இருக்கலாம். அமெரிக்க யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதல், வேறு காரணம் இல்லாமல் ஆறு வாரத்துக்கு மேல் அறிகுறி இருந்தாலே போதும் என்கிறது. 2008-ல் இந்த நோயை ஆராய்கிற ஐரோப்பாவின் எசிக் அமைப்பு ஆறு மாதம் என்று வைத்தது. கேமராவிலும் பயாப்ஸியிலும் என்ன தெரிந்தது என்பதை வைத்து வகை பிரித்தது. கிழக்காசிய வழிகாட்டுதல் ஹன்னர் புண் இருந்தால் மட்டுமே இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைடிஸ் என்கிறது, மற்றதைச் சிறுநீர்ப்பை வலி சிண்ட்ரோம் என்று தனியாக வைக்கிறது. 1980-களின் கடைசியில் ஆராய்ச்சிக்காக எழுதப்பட்ட கறாரான விதிகளை இன்னும் மனதில் வைத்திருப்பவர்களும் உண்டு.

எந்த அளவுகோலிலும் ஸ்கேன் தீர்ப்பு சொல்வதில்லை. அதனால் "ஸ்கேனில் இல்லை, ஆகவே ஐ.சி. இல்லை" என்று ஒருவர் சொன்னால் அந்தக் காரணம் மட்டும் செல்லாது. "என் அறிகுறிகளுக்கு வேறு என்ன காரணம் இருக்கலாம்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். அதற்கு அவர் தரும் பதிலில்தான் சரக்கு இருக்கும்.

17. ஸ்கேன்ல ஓவரியில ஒரு நீர்க்கட்டி, கருப்பையில ஃபைப்ராய்டு. அதை எடுத்துட்டா இந்த வலி போயிருமா?

இதில் அவசரப்பட வேண்டாம். ஸ்கேன் எடுத்தால் ஏதாவது ஒன்று தென்படத்தான் செய்யும். சின்ன நீர்க்கட்டியும் ஃபைப்ராய்டும் வலியே இல்லாத ஏராளமான பெண்களுக்கும் இருக்கின்றன. பல மாதம் தவித்தவருக்கு ஒரு காரணம் கிடைத்தால் பற்றிக்கொள்ளத் தோன்றும், அந்த மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் கருப்பையை எடுத்த பிறகும் அதே வலி, அதே ராத்திரி நடை என்று திரும்பி வந்தவர்களுக்கு நான் ஸ்கேன் எடுத்திருக்கிறேன்.

ஆபரேஷனுக்குச் சம்மதிக்கும் முன் வலியின் நடத்தையைக் கவனியுங்கள். பை நிரம்பும்போது ஏறி, காலியானதும் இறங்குகிறதா? அப்படியென்றால் சந்தேகம் சிறுநீர்ப்பை மேல்தான். முன்சுவரில் பெரிய ஃபைப்ராய்டு பையை அழுத்தினால் அடிக்கடி போகத் தோன்றும், எரிச்சலும் வலியும் அவ்வளவாக இருக்காது. எண்டோமெட்ரியோசிஸ் மட்டும் விதிவிலக்கு: அது ஐ.சி.யோடு சேர்ந்தே இருப்பது உண்டு, இரண்டுக்கும் தனித்தனியே பார்க்க வேண்டி வரும். இந்தக் கேள்விக்கு ஸ்கேனைவிட நல்ல சாட்சி மூன்று நாள் டைரி. ஒவ்வொரு தடவையும் மணி, அளந்த மி.லி., வலி பத்துக்கு எத்தனை. "ராத்திரி 1.10, 90 மி.லி., வலி 7. போன பிறகு 3. 2.20, 80 மி.லி., வலி 7" என்று ஒருவர் கொண்டுவந்த நோட்டுத்தாள் எந்தப் படத்தையும்விட எனக்கு அதிகம் சொன்னது.

18. வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கணுமா?

வலி அதே மாதிரியே இருந்தால் வேண்டாம். யூரினில் ரத்தம், காய்ச்சல், விலாப்பக்க வலி, காரணமில்லாமல் எடை குறைவது, யூரின் வராமல் அடைப்பது என்று புதிதாக ஏதாவது வந்தால் உடனே எடுங்கள். பையின் கொள்ளளவு மாதத்துக்கு மாதம் சுருங்கிக்கொண்டே போனால் கிட்னியில் நீர் தேங்குகிறதா என்று ஒரு அல்ட்ராசவுண்ட் போதும். ஹன்னர் புண்ணுக்கு வைத்தியம் செய்தவர்களுக்கு வலி திரும்பினால் மறுபடி கேமராதான். அது திரும்ப வரக்கூடியது.

19. எல்லா ஸ்கேனும் எடுத்தாச்சு, கேமராவும் பாத்தாச்சு, எதுவுமே இல்ல. இனி என்ன எடுக்கலாம்?

இனி எடுக்க வேண்டாம். தேட வேண்டியதைத் தேடி முடித்தாயிற்று. இத்தனை தூரம் பார்த்து எதுவும் இல்லையென்றால் சிறுநீர்ப்பை வலி சிண்ட்ரோம் என்று வைத்து வைத்தியத்தை ஆரம்பிக்க அது போதும். படம் ஒன்று கிடைக்கும் வரை வைத்தியத்தைத் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது.

ஒரே ஒரு பரிசோதனை பெரும்பாலும் விட்டுப்போயிருக்கும், அதற்கு மெஷின் தேவையில்லை. இடுப்புத்தளத் தசைகளை விரலால் தொட்டுப் பார்ப்பது. எந்தத் தசை இறுகியிருக்கிறது, எந்தப் புள்ளியை அழுத்தினால் "ஆமா, இதேதான் என் வலி" என்று சொல்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். அப்படி அகப்பட்டால் அந்தத் தசைகளைத் தளர்த்தத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட்டிடம் போகலாம். இறுகியிருக்கும் தசைக்குக் கீகல் மாதிரி இறுக்கும் பயிற்சி எதிர்மாறானது, அதைச் செய்யச் சொன்னால் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த முறை யூராலஜிஸ்ட்டைப் பார்க்கும்போது மூன்று நாள் டைரியை மேலே வைத்து, ஸ்கேன் ஃபைலை அதன் அடியில் வைத்துக் கொடுங்கள்.